மாமனாருக்கு மசக்கை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போனதெல்லாம் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்பீர்கள், நானே கேட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் சிங்கப்பூர் போய் வந்தவன், ஏர்போர்ட்டு சோப்பில் கழுவின கையை இன்னும் மோந்து பார்த்துக்கொண்டு திரிகிறான். நான் போனது ஒன்றரை மணி நேர பஸ். ஆனால் நான் பார்க்கப்போன ஆள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அவரோடு ஒரே படகில் இரண்டு நாள் உட்கார்ந்ததில் எனக்கும் அரை வெளிநாடு கணக்கில் சேரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு செம்மண்டலத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஊரார் செல்லெல்லாம் என் கையில் பேசும். என் செல்லில் மட்டும் அடைமழை மாதிரி இரைச்சல். அந்த செல்லில்தான் சரவணன் கூப்பிட்டான். பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேப்பரைப் பார்க்காமல் எழுதியதால் பாஸான புத்திசாலி. அமெரிக்கா போய்ப் படித்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியாராக இருந்தான்.

"மச்சான், மாமனாரு வந்திருக்காரு... மசக்க... வாள... ஆத்துல புடிக்கணும்னு நிக்கிறாரு... நீதான் வரணும்."

"யாருக்குடா மசக்க?"

"மாமனாருக்குத்தான்டா! வருஷா வருஷம் இந்த சீசன்ல அவருக்கு இதே வேலதான்!"

லைன் செத்துப்போனது. வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றிலும் நம்மைவிட முன்னேறியவர்கள் என்று தெரியும். இவ்வளவு தூரம் முன்னேறியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் நல்ல வாளை மீனாக மூன்று வாங்கினேன். எங்கள் குடும்பம் மீன்பிடிக் குடும்பம்தான். நான் மட்டும் அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பதால் அப்பா என்னைக் கரையிலேயே இறக்கிவிட்டுவிட்டார். மீனை நியூஸ் பேப்பரில் சுற்றும்போது அம்மா கேட்டது, "யாருக்குடா இம்மாம் மீனு?"

"சரவணன் மாமனாருக்கு மசக்கையாம்."

"எடு அந்தத் தொடப்பத்த" என்றது அம்மா. நான் பஸ் பிடித்தேன்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து மாயவரம் வரை ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலையே நிறுத்திவைத்திருந்த காலம் அது. ரயிலில் போகவேண்டிய ஜனமெல்லாம் பஸ்ஸில் இருந்தது. கார்த்திகை மழை வேறு. ஜன்னலை எல்லோரும் சாத்திவிட்டதால் உள்ளே இட்லிப் பானை மாதிரி வெந்துகொண்டிருந்தோம். என் மஞ்சப் பையிலிருந்து மூன்று வாளையும் வாலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னாய்யா இது, கத்தியா?" என்றார் கண்டக்டர்.

"வாளைங்கண்ணே."

"அத எடுத்து மேல போடு."

"மேல போட்டா காக்காயெல்லாம் டிக்கெட் எடுக்காம ஏறுமேண்ணே."

பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்து அம்மா ஒருத்தி மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மீன் யாருக்கு என்று விசாரித்தாள். மசக்கைக்கு என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"மசக்கைக்கு வாள எதுக்கு தம்பி? முள்ளு ஜாஸ்தி. மாங்கா வாங்கிக் குடு, நார்த்தங்கா குடு. எத்தினியாவது மாசம்?"

"மாசம் தெரியலைங்க. ஆளுக்கு ஒரு அறுவது வயசு இருக்கும்."

அந்த அம்மா எழுந்து போய் நாலு சீட் தள்ளி நின்றுகொண்டாள். ஆலப்பாக்கத்தில் பஸ் பஞ்சராகி, எல்லோரும் டீக்கடை ஓலைக் கூரைக்கீழ் ஒதுங்கியபோதுகூட என் பக்கம் வரவில்லை. ஒரு பூனை மட்டும் வந்தது. டீக்கடைக்காரர் பஜ்ஜி போட்டார். நான் இரண்டு தின்றேன், பூனை என் மீன் வாலில் ஒரு இணுக்கு தின்றது. அதற்குப் பிறகு சிதம்பரம் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

சரவணன் வீட்டுக் கதவைத் திறந்தது மாமனாரேதான். நிலைவாசல் உயரம், சிவந்த மூக்கு, பனிக்கட்டி நிறத்தில் தாடி. நான் முதலில் வயிற்றைத்தான் பார்த்தேன். இருந்தது.

சரவணன் ஓடிவந்து விஷயம் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு விளக்கினான். மஸ்கி என்பது அவர்கள் ஊர் ஆற்று மீன். ஆள் நீளம், வாய் நிறையப் பல்லு. வால்ஐ என்பது இன்னொரு ஆற்று மீன். கண்ணாடிக் கண்ணு, வெள்ளைச் சதை. அங்கே மரமெல்லாம் இலை உதிர்ந்து, ஆற்றோரம் பனி உறையத் தொடங்கும் இந்த மாதங்களில், மாமனார் தினமும் அந்த மீன்களைத் தேடிப் படகில் கிடப்பாராம். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த வருஷம் சீசனை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்.

என் வாளையைக் கையில் வாங்கி, வாலிலிருந்து தலைவரை பார்த்தார். "வால்ஐ?" என்றார். "வாளை" என்றேன். இன்னொரு தடவை "வால்ஐ" என்றார். நானும் விடாமல் "வாளை" என்றேன். அப்புறம் அவருக்குப் புரிந்து, வயிறு குலுங்க ஒரு சிரிப்பு சிரித்தார். உள்ளேயிருந்து சரவணன் அம்மா எட்டிப் பார்த்து, "இந்த மனுசன் சிரிப்பாரா!" என்றது. வந்து பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பாம்.

அவர் பெயர் ஹரால்டு. சரவணன் அம்மா வாயில் அது 'ஆரால்' ஆகிவிட்டிருந்தது. சேற்றில் கிடக்கும் ஆரால் மீனை நாங்கள் குழம்பு வைத்துத் தின்போம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவ்வளவு கெட்டவனில்லை.

வீட்டில் மசக்கை இருந்தது நிஜம். ஆள்தான் மாறிப்போனது. சரவணன் பெண்டாட்டி ரேச்சலுக்கு மூன்றாம் மாதம். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டு கட்டிலில் சுருண்டிருந்தது. கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டாலே வாந்தி. சோறு நிற்கவில்லை, ரொட்டி நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. இப்படியே போனால் படுக்க வைக்கவேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது. அந்தப் பெண் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தூக்கக் கலக்கத்தில். அப்பா பொரிக்கிற வால்ஐ.

சரவணன் அம்மா மார்க்கெட்டில் உள்ள மீனெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டது. மழையில் படகுகள் சரியாகப் போகாததால் வந்ததெல்லாம் ஐஸ் மீன். ஐஸ் வாடை தெருமுனையில் வரும்போதே ரேச்சல் இங்கே வாஷ்பேசினைத் தேடும். என் வாளையும் பஸ் வெக்கையில் வாடை பிடித்துவிட்டிருந்தது. ஆற்றிலிருந்து நேராகச் சட்டிக்கு வரவேண்டும், அதுவும் வெள்ளைச் சதையாக இருக்கவேண்டும். அதற்குத்தான் நான்.

"ஞாயித்துக்கெழம அவரு ஊருக்குப் போறாரு மச்சான்" என்று சரவணன் தனியே கூட்டிப்போய்ச் சொன்னான். "அதுக்குள்ள அவ ஒரு வாயாவது அவரு கையால சாப்புடணும். எங்க கல்யாணத்துக்கே வராதவருடா. ரெண்டு பேரும் இன்னும் 'குட்மார்னிங்', 'தேங்க்ஸ்'க்கு மேல பேசிக்கல."

ரேச்சலுக்குத் தமிழ் நன்றாக வரும். நான் போய் நின்றதும், "வேலு, ஒக்காருங்க" என்றது. கதவோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழிலேயே சொன்னது: "எங்கப்பா பேச மாட்டாரு. கோவம் வந்தாலும் மீனு பொரிப்பாரு, பாசம் வந்தாலும் மீனு பொரிப்பாரு. என் கல்யாணத்தன்னைக்கு எங்க போனாரு தெரியுமா? மீன் புடிக்க. அன்னைக்கு மீனு கெடச்சுதான்னு நான் இன்னும் கேக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. எலுமிச்சம்பழம் மட்டும் மூக்கிலிருந்து இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமனாரும் நானும் பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினோம். அங்கே வெள்ளாறு கடலில் விழுகிறது. என் அம்மாவின் தம்பி, ஏழுமலை மாமா, அந்த முகத்துவாரத்தில்தான் படகு வைத்திருக்கிறார். வழியில் சிதம்பரத்திலேயே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். மாமனார் கொத்சை ஸ்பூனில் எடுத்து சூப் மாதிரி குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். சர்வருக்கு ஒரே சந்தோஷம். இட்லி கேட்காமல் கொத்சு மட்டும் கேட்கும் ஆளை முதலாளியிடம் காட்டிக்கொடுத்தார். முதலாளி வந்து பார்த்து, "குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்று ஆசீர்வதித்துப் போனார்.

ஏழுமலை மாமா அவரைப் பார்த்ததும் முதலில் படகைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"என்னாடா, ஆளு நாலு ஆளு எடை இருக்காரு?"

"நீ ஒல்லி மாமா, சரியாப்பூடும்."

படகில் ஒரு சிக்கல். நான் "மாமா" என்றால் ஏழுமலை மாமா திரும்புவார். நண்பனின் மாமனாரும் எனக்கு மாமாதானே. அவரையும் அப்படியே கூப்பிட்டேன். முதலில் அர்த்தம் கேட்டார். அம்மாவின் தம்பி, மனைவியின் அப்பா, அக்கா புருஷன், பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ்காரர் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு தடவை தோற்றவன் நான். அரை மணி நேரத்தில் "மாமா" என்றால் இரண்டு பேரும் திரும்பத் தொடங்கினார்கள்.

அவர் பெட்டியைத் திறந்ததும் ஏழுமலை மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே மரத்தில் செதுக்கிப் பெயின்ட் அடித்த மீன்கள், கண்ணு வைத்து, வயிற்றில் முள் தொங்கவிட்டு.

"மரக்கட்டயத் திங்க எங்க ஊரு மீனுக்கு இன்னா கிறுக்கா? உசுரு எறா மாட்டுடா. கொடுவா வரும்."

கொடுவாதான் நான் மனசில் வைத்திருந்த மீன். முகத்துவாரத்து மீன், வெள்ளைச் சதை, முள் குறைவு. ஏழுமலை மாமா உயிர் இறாலைக் கோத்துப் போட்டார். வரிசையாகக் கெளுத்தி வந்தது. எல்லாக் கெளுத்தியும் மீசையை முறுக்கிக்கொண்டு கீச்கீச்சென்று எங்களைத் திட்டின. மாமனார் மரக்கட்டையை வீசினார், சுற்றினார், வீசினார், சுற்றினார். எனக்குப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது. படகோரமாகக் குனிந்து காலையில் தின்ற கொத்சை ஆற்றுக்கே கொடுத்தேன்.

"மாமனாருக்கு மசக்கன்ன, ஒனக்கில்ல வந்திருக்கு" என்றார் ஏழுமலை மாமா.

மாமனார் தன் தொப்பியை எனக்குப் போட்டுவிட்டு, வானமும் தண்ணீரும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னார். பிறகு தன் ஊரைப் பற்றிப் பேசினார். அங்கே இந்நேரம் ஆறு கறுப்பாக இருக்குமாம். சத்தமே இருக்காதாம். மஸ்கி ஒன்றைப் பார்க்க ஆயிரக்கணக்கான தடவை வீசவேண்டுமாம். கிடைத்தால் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். நான் இதை மொழிபெயர்த்ததும் ஏழுமலை மாமா துடுப்பை நிறுத்திவிட்டார்.

"ஆயிரம் வாட்டி வீசி, புடிச்சு, விட்டுட்டு, வூட்டுக்குப் போயி கஞ்சி குடிப்பாங்களா? இவுங்களா நெலாவுக்குப் போனாங்க?"

எங்கள் ஆறு அப்போது கறுப்பாக இல்லை; மேலே பெய்த மழையில் டீ நிறத்தில் ஓடியது. சத்தத்துக்கும் குறைவில்லை. கரையில் ஒரு பக்கம் பாங்கு, ஒரு பக்கம் ஐயப்பன் பாட்டு, நடுவில் யாரோ மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரக்கட்டையை மறுபடி வீசிவிட்டு, மாமனார் அவராகவே சொன்னார். மகள் கல்யாணத்தன்று ஆற்றுக்குப் போனாராம். படகை நடுவில் நிறுத்தினாராம். சாயங்காலம்வரை தூண்டிலைக் கையில் எடுக்கவே இல்லையாம். சும்மா உட்கார்ந்திருந்தாராம். எனக்குப் புரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். "கெளுத்தி குட், மாமா" என்றேன்.

அப்போதுதான் அடித்தது. மரக்கட்டையைத்தான்! கம்பு வில்லாக வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கொடுவா எழும்பித் தலையை உதறி விழுந்தது. என் இடுப்புயரம் இருக்கும். ஏழுமலை மாமா தன் உயிர் இறாலை மறந்து எழுந்து நின்றுவிட்டார். மாமனார் அவசரப்படவில்லை. இழுத்தார், விட்டார், இழுத்தார். மீன் படகோரம் வந்தது. தண்ணீருக்குள் அதன் கண் தணல் மாதிரி மின்னியது. மாமனார் அந்தக் கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னார். மனுஷனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

மீன் கடைசியாக ஒரு தடவை திமிறப் பார்த்தது. அனுபவஸ்தர் ஏழுமலை மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது. தூண்டில் நரம்பைத் தளர்த்தாவிட்டால் அறுந்துவிடும்.

"விடு! விடு! விடச் சொல்லுடா!" என்று கத்தினார்.

நானும் என் ஆங்கிலம் மொத்தத்தையும் திரட்டிக் கத்தினேன்: "மாமா! லீவ் இட்! லீவ் இட்!"

மாமனார் என்னைப் பார்த்தார். ஏழுமலை மாமா கைகளை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, குனிந்து, குறடால் முள்ளைத் திருகி எடுத்தார். மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். அது ஒரு மூச்சு வாங்கியது. வாலை ஒரு சுழற்று. டீத் தண்ணீர் மூடிக்கொண்டது.

"நல்ல வழக்கம்" என்றார் என்னைப் பார்த்து. "பெரியதை விட்டுவிடவேண்டும். நீங்களும் அப்படித்தானா?"

ஏழுமலை மாமா படகுப் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் அதற்குப் பிறகு பேசியதை எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

விளக்கிச் சொல்ல எனக்குப் பாதி ஆறு பிடித்தது. நரம்பை விடு என்றால் விடு, மீனை விடு என்றாலும் விடு. எல்லாவற்றுக்கும் ஒரே விடுதான் என்றேன். மாமனாரின் முகத்தில் சிவப்பு மெல்ல வடிந்தது. கையைப் பார்த்துக்கொண்டார். வழவழப்பு இன்னும் அதில் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டும் செத்து விழுந்தன. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது என் முழங்காலில் தட்டினார்.

"உன் தப்பு இல்லை, வேலு. விட்டுவிடுவதுதான் எனக்கு எப்போதும் சுலபமாக வருகிறது. பிடித்துவைத்துக்கொள்வது எனக்குத் தெரியாது."

வீட்டில் ரேச்சல் அன்று மதியமும் எதையும் வயிற்றில் நிறுத்தி வைக்கவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது. மாமனார் மறுநாள் மறுபடி போகலாமா என்று என்னைக் கேட்டார். அதற்கு மறுநாள் ஞாயிறு.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததே மழையோடுதான். பரங்கிப்பேட்டையில் ஏழுமலை மாமா போர்வையைவிட்டு வெளியே வரவில்லை.

"நான் வர்ல. அவரு மீன விடுறதுக்கு எதுக்குப் படகு? கரையில நின்னே விடச் சொல்லு."

ஏழுமலை மாமாவின் பெண்டாட்டி, என் அத்தை, அடுப்படியிலிருந்து வந்தது. மாமனாரை ஒரு பார்வை பார்த்தது. மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கு மீனு?" என்று என்னைக் கேட்டது.

"அவரு பொண்ணுக்கு, அத்த. மூணு மாசம். ஒண்ணும் எறங்கல."

அத்தை போர்வையை உருவியது. "மசக்கக்காரப் பொண்ணு பட்டினி கெடக்குது, நீ இங்க சுருட்டிக்கினு கெடக்குறியா? நான் பெரியவன சொமந்தப்ப நண்டு வேணும்னு அழுதேன். வேட்டி அவுந்தது தெரியாம ஓடுனவன்தான நீ? எந்திரி!"

ஏழுமலை மாமா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மழை ஆற்றின்மேல் பொரிந்துகொண்டிருந்தது. மாமனாருக்கு அது பிடித்திருந்தது போல. அவர்கள் ஊர்ச் சத்தமில்லாத ஆற்றைவிடக் கொஞ்சம் பேசுகிற ஆறு. இறாலுக்கு ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை ஏழுமலை மாமா கௌரவத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு கட்ட எனக்கும் குடுக்கச் சொல்லு" என்றார். இருவரும் இரண்டு பக்கமாக வீசினார்கள். ஒரு மாமாவுக்கும் இன்னொரு மாமாவுக்கும் நடுவில், அந்த முள்ளெல்லாம் என் காதோரம் பறக்க, நான் படகுத் தரையில் படுத்துக்கொண்டு அந்த வானக் கோட்டைத் தேடினேன். மழையில் கோடு தெரியவில்லை.

மாமனாருக்குத்தான் அடித்தது. சின்ன கொடுவா, முழங்கை நீளம். ஏழுமலை மாமா வாயைத் திறந்தார். நான் தாவி அவர் வாயைப் பொத்தினேன். படகு ஆடியது. அவர் என் கையைக் கடித்தார். அதற்குள் மாமனார் தானாகவே நரம்பைத் தளர்த்தி, பொறுத்து, சுற்றி, மீனைப் படகுக்குள் கொண்டுவந்துவிட்டார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதுகு முள் குத்தி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. விடவில்லை.

கரையேறியதும் அத்தை ஒரு பக்கெட்டைக் கொடுத்தது. ஆற்றுத் தண்ணீரை நிரப்பி மீனை உயிரோடு விட்டோம். பஸ் வரவில்லை, எங்கேயோ சாலையில் தண்ணீர் என்றார்கள். ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஏற்கெனவே எட்டுப் பேர். மாமனார் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். அவர் தலை கூரையைத் தொட்டது, அவர் முட்டி ஒரு பூக்காரம்மாவின் கூடைக்குள் இருந்தது.

"கொடுவாயா? வெள்ளக்காரரு எதுக்கு உசுரோட கொண்டு போறாரு?" என்றது பூக்காரம்மா.

"பொண்ணுக்கு மசக்கங்க. இதத்தான் கேக்குது. சீக்கிரம் போவணும்."

பூக்காரம்மா கூடையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு அவர் முட்டிக்கு இடம் விட்டது. காலேஜ் பையன் ஒருத்தன் பின்கம்பியில் தொங்கப் போனான். "தம்பி, வழியில எங்கயும் நிறுத்தாத. மொதல்ல இவர வூட்டுல எறக்கு" என்று தொப்பி போட்ட பெரியவர் டிரைவர் தோளைத் தட்டினார். தன் ஸ்டாப்பில் இறங்கவேண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சிதம்பரம் வரை குலுங்கக் குலுங்க, பக்கெட்டில் தண்ணீர் தளும்பாமல் இருக்க ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். மாமனாருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. "இவர்களெல்லாம் உனக்குத் தெரிந்தவர்களா?" என்று என் காதில் கேட்டார். "எல்லாம் மாமா, அத்தை" என்றேன்.

கொல்லைப்புறத்தில், அடுக்களை வாடை எட்டாத இடத்தில், சரவணன் அடுப்பு வைத்துக் கொடுத்தான். அவர்கள் ஊர் இரும்புச் சட்டிக்குப் பதில் சரவணன் அம்மாவின் தோசைக்கல். மாமனார் மீனை நறுக்கிய அழகைப் பார்த்து அந்த அம்மா வாயடைத்து நின்றது. ஆனால் உப்பும் வெண்ணெயும் மட்டும்தான் என்றதும் வாய் திறந்துவிட்டது.

"மஞ்சத்தூள் போடாம மீனா? கவுச்சி அடிக்குமே! ஒரு சிட்டிகடா, அவருக்குத் தெரியாமப் போட்டுறேன்."

"யம்மா, கைய எடு" என்றான் சரவணன்.

வெண்ணெய் உருகும் வாசனை வந்தபோது ரேச்சல் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசல்வரை வந்துவிட்டது. எல்லோரும் அது முகத்தையே பார்த்தோம். எலுமிச்சம்பழம் கையில் இல்லை. அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் திரும்பவில்லை, தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அது பேசப் போகிறது மாதிரி.

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நானும் பத்தாவது பாஸாகியிருப்பேன்.

"ஒங்க கல்யாணத்தன்னைக்கு மாமாவுக்கு மீனு கெடைக்கல" என்றேன் தமிழில். "தூண்டிலே போடலியாம். பொழுதுக்கும் நடு ஆத்துல சும்மா ஒக்காந்திருந்தாராம்."

ரேச்சல் என்னைப் பார்த்தது. பிறகு அவர் முதுகை. அது என்ன முகம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மெதுவாகப் படியிறங்கி, அடுப்புப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தது.

நான் சரவணனிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் புறப்படும் வழியாகத் தெரியவில்லை. டிரைவர் பொங்கல் தின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையெல்லாம் ஆற்று வாடை. பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார். ரேச்சல் சாப்பிட்டதா, சாப்பிட்டது நின்றதா என்று தெரியாமல் இந்தப் பஸ் கிளம்பிவிட்டால் ஆலப்பாக்கத்திலேயே எனக்கு உயிர் போய்விடும் போலிருந்தது.

செல்லை எடுத்து சரவணனுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன்: "என்னடா ஆச்சு?"

டிரைவர் கை கழுவி, வெற்றிலை போட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்த பிறகுதான் பதில் வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க மச்சான், அப்பறமா பேசு."